நிகர்நிலை வலையமைப்புக்களில் வரவுபோக்கை அளத்தல்

வகுப்பாசிரியர் ஒருவர்க்கு வரவு இடாப்பு நாள்தோறும் கையாளும் கருவி. இன்று வந்தோர் எத்துணையர், வாராதோர் எத்துணையர், இத்தவணையில் விலகினோர் யாவர் என்பனவெல்லாம் அதனைப் புரட்டிய அளவில் விளங்கிவிடும். அதற்குக் காரணம் மூன்று. சேர்விடாப்பு ஒன்று உண்டு. ஒவ்வொருவர்க்கும் மாறாத பெயரும் எண்ணும் உண்டு. வருவதற்கும் போவதற்கும் மணி உண்டு. இம்மூன்றும் இல்லாத ஒரு மண்டபத்தை எண்ணிப்பார்க்க. அதற்கு வாயில்கள் பல, காவலர் இலர், நுழைவோர் பெயர் சொல்வதில்லை, போவோர் சொல்லிக்கொண்டு போவதில்லை, இன்று ஒரு பெயருடன் வந்தவர் நாளை வேறொரு பெயருடன் வரவுங்கூடும். அம்மண்டபத்தில் ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் தங்குகின்றார் என்று கேட்டால் யாங்ஙனம் விடை கூறுவது? இணையத்தில் இயங்கும் நிகர்நிலை வலையமைப்புக்களை ஆராய்வோர் எதிர்கொண்ட வினா இதுவே.

இணையத்தின் பெரும்பகுதி, சேவையகம் ஒன்று கொடுக்க, பயனர் பலர் கொள்ளும் முறையில் அமைந்தது. நிகர்நிலை வலையமைப்பிலோ கொடுப்போரும் கொள்வோரும் ஒருவரே. ஒவ்வொருவருடைய கணினியும் மற்றவர்களுக்குக் கோப்புக்களை வழங்கும், மற்றவர்களிடமிருந்து பெறும், செய்திகளைக் கைமாற்றி அனுப்பும். 1999 ஆம் ஆண்டிலே தோன்றிய நாப்ஸ்ரர் இவ்வகையிற் பெயர்பெற்ற முதலாவது அமைப்பாகும். ஆயினும் எவரிடத்தில் எப்பாடல் உண்டு என்னும் அட்டவணையை அது தன் சொந்தச் சேவையகங்களில் வைத்திருந்தது. அதனால் நீதிமன்ற நடவடிக்கைகளின் விளைவாக 2001 ஆம் ஆண்டில் அச்சேவையகங்கள் நிறுத்தப்பட்டபோது அமைப்பும் நின்றது. 2000 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளிவந்த நுற்றெல்லாவுக்கு அத்தகைய நடுவிடமே இல்லை. ஒவ்வோர் உறுப்பும் தன் அயலில் உள்ள சில உறுப்புக்களை மட்டுமே அறியும். தேடல் அயலிலிருந்து அயலுக்குப் பரவும். நடுவிடம் இல்லாமை அதன் வலிமை. சேர்விடாப்பு இல்லாமையும் அதனால் வந்ததே.

உறுப்பினர் ஓயாது வந்தும் போயும் கொண்டிருத்தலை ஆங்கிலத்தில் ‘சேர்ன்’ என்பர். தயிர்கடைதலைக் குறிக்கும் சொல் அது. மத்து நிற்காத தாழியிற்போல எதுவும் ஓரிடத்தில் நிலைப்பதில்லை என்பது கருத்து. நாம் இதனை வரவுபோக்கு என்போம்.

இதனை அளப்பதால் வரும் பயன் என்னை? ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். உறுப்பினர் கணினிகளிலேயே பிறருடைய கோப்புக்களைச் சேமித்துவைக்கும் வலையமைப்பு ஒன்றை ஒருவர் அமைக்க விரும்புகின்றார் எனக் கொள்வோம். ஒவ்வோர் உறுப்பினரிடத்தும் 100 கிகாபைற்று சேமிக்கப்பட்டுள்ளது. ஒருவர் நிரந்தரமாக விலகினால் அவரிடமிருந்த பிரதிகளை எஞ்சியோர் மீண்டும் எழுதி வேறிடத்தில் வைத்தல் வேண்டும். உறுப்பினர் ஒருவரின் சராசரி வாழ்நாள் 30 நாள் ஆயின், இவ்வேலைக்காக மட்டும் ஒவ்வோர் உறுப்பினரும் இரவுபகலாகச் செக்கனுக்கு ஏறத்தாழ 0.3 மெகாபிற்று அனுப்பிக்கொண்டிருத்தல் வேண்டும். அது தாங்கத்தக்கது. வாழ்நாள் ஒரு நாள் ஆயின், அதே வேலைக்குச் செக்கனுக்கு 9 மெகாபிற்றுக்கு மேல் வேண்டும். வீட்டு இணைப்புக்கள் பலவற்றுக்கு அது ஏலாத காரியம். ஆகவே இத்தகைய அமைப்பு நிற்குமா வீழுமா என்பது கோட்பாட்டு வினா அன்று. அளந்தறிய வேண்டிய ஓர் எண்ணைப் பொறுத்தது. அந்த எண்ணை நான்கு மடங்கு பிழையாக அளந்துவிட்டால், நடக்கக்கூடியதை நடவாதென்று கைவிடவும், நடவாததை நடக்குமென்று நம்பிப் பிறர் கோப்புக்களை இழக்கவும் நேரும்.

அளத்தற்கு முன் எதனை அளக்கின்றோம் என்பதைத் தெளிதல் வேண்டும். ஒருவர் மாலையில் கணினியை இயக்கி, இரவில் நிறுத்துகின்றார். அஃது ஓர் அமர்வு. மறுநாள் மீண்டும் வருகின்றார். அது மற்றோர் அமர்வு. மூன்று மாதத்தின்பின் மென்பொருளையே நீக்கிவிடுகின்றார். முதல் வரவிலிருந்து அந்நாள்வரை உள்ளது வாழ்நாள். வாழ்நாளில் எத்துணைப் பங்கு அவர் வலையமைப்பில் இருந்தார் என்பது கிடைப்புவீதம். இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புதல் தொடக்ககாலக் கட்டுரைகள் சிலவற்றிற் காணப்படும் குறை. மேலே கூறிய கணக்கில் நமக்கு வேண்டியது வாழ்நாள். அமர்வுக்காலத்தை அவ்விடத்தில் இட்டால், இரவில் உறங்கப்போன ஒவ்வொருவரையும் இறந்தாராகக் கருதி ஈமக்கடன் செய்வதாக முடியும்.

பெருமளவில் நடந்த முதல் அளவீடுகளுள் ஒன்று, வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சறோயூ, கும்மாடி, கிறிபிள் ஆகியோர் 2001 ஆம் ஆண்டிற் செய்து 2002 இல் வெளியிட்டது. நுற்றெல்லாவில் ஓர் உறுப்பை அணுகி அதன் அயலவர் யாவர் என்று கேட்டு, அவ்வயலவரை அணுகி அவர்தம் அயலவரைக் கேட்டு, இங்ஙனம் வலையமைப்பைத் துருவிச் செல்லும் நிரல் ஒன்றை அவர்கள் எழுதினர். நாப்ஸ்ரரில் அது கூடாமையால், மக்கள் விரும்பும் பாடகர்களின் பெயரைக் கொடுத்துத் தேடி, அப்பாடல்களை வைத்திருப்போரின் முகவரிகளைத் திரட்டினர். பின்னர் அம்முகவரிகளுக்கு ஒழுங்கான இடைவெளியில் ‘கதவைத் தட்டும்’ செய்தி ஒன்றை அனுப்பினர். விடையே வராவிடின் கணினி இணையத்தில் இல்லை. மறுத்து விடை வந்தால் கணினி உண்டு, ஆனால் மென்பொருள் இயங்கவில்லை. ஏற்று விடை வந்தால் உறுப்பினர் உள்ளார். நுற்றெல்லாவில் 17,125 உறுப்புக்களை 7 நிமிடத்துக்கு ஒருமுறையாக 60 மணிநேரம் இவ்வாறு தட்டிப்பார்த்தனர். அமர்வுக்காலத்தின் இடையம் ஏறத்தாழ 60 நிமிடம் எனக் கண்டனர்.

இடையம் என்பதைக் கவனிக்க. அமர்வுகளிற் பாதி ஒரு மணிநேரத்துக்குக் குறைந்தவை, பாதி கூடியவை என்பதே பொருள். இடை, அதாவது சராசரி, இதனினும் மிகப் பெரிதாக இருத்தல் கூடும். ஏனெனில் நாட்கணக்கில் இருக்கும் சிலர் சராசரியைத் தம்பால் இழுத்துவிடுவர். ஆய்வாளர் இடையத்தைக் கூற, அதனைச் சராசரி என எடுத்தாண்டோர் பிற்காலத்திற் பலர். கணிதம் கற்பிக்கும் நம்மனோர் இவ்விரண்டின் வேறுபாட்டை மாணவர்க்குக் கூறும்போது இவ்வுதாரணத்தையும் கூறலாம்.

இனி, அளவீட்டில் ஒளிந்திருக்கும் பிழைகளை நோக்குவாம். அவற்றுள் நுண்ணியதும் சுவையுடையதும் மாதிரியெடுத்தலில் உள்ளது. கோயிலடி மடம் ஒன்றில் இரண்டு அறைகள் உள எனக் கொள்க. ஓர் அறையில் முதியவர் ஒருவர் மாதம் முழுவதும், அதாவது 30 நாளும் தங்குகின்றார். மற்றையதில் நாளுக்கொரு யாத்திரிகர், ஒவ்வொருவரும் ஒருநாள் மட்டும். அம்மாதத்தில் தங்கியவர் 31 பேர். அவர்கள் தங்கிய நாட்கள் மொத்தம் 60. ஆகவே ஒருவர்க்குச் சராசரி 2 நாளுக்குச் சற்றுக் குறைவு. இப்போது ஏதேனும் ஒரு நாளில் ஒருவர் மடத்துக்குச் சென்று அங்கிருப்போரை எண்ணினால் அவர் காண்பது இருவரை: ஒருவர் 30 நாள் தங்குபவர், ஒருவர் 1 நாள் தங்குபவர். சராசரி பதினைந்தரை நாள்! எந்நாளிற் சென்றாலும் இதுவே விடை. அவர் கண்ணாற் கண்டதிற் பொய்யில்லை, எண்ணியதிலும் தவறில்லை. ஆயினும் ஒரு நேரத்தில் இருப்போர் வேறு, ஒரு காலத்தில் வந்துபோவோர் வேறு. நெடிது தங்குவோர் எப்போது பார்த்தாலும் கண்ணிற் படுவர். சிறிது தங்குவோர் பெரும்பாலும் படார். துருவுநிரல் ஒருமுறை ஓடித் திரட்டிய பட்டியலை மாதிரியாகக் கொண்டு அவர்களையே பின்தொடரும் ஆய்வு எதுவும் இம்மடத்தின் பொறியில் வீழும்.

இதற்கு நேர்மாறான பிழை, நோக்கும் காலம் குறுகியதாய் இருப்பதனால் வருவது. 60 மணிநேரமே பார்த்த ஒருவர்க்கு 70 மணிநேர அமர்வு முழுமையாகக் காணக்கிடைக்காது. 50 ஆம் மணியில் தொடங்கியது 10 மணிநேரத்துக்கு மேற்பட்டதாயின் அதன் முடிவும் தெரியாது. தொடக்கமும் முடிவும் தெரிந்தவற்றை மட்டும் எடுத்தால் குறுகிய அமர்வுகளே மிஞ்சும். சறோயூ குழுவினர் இதற்குக் கையாண்ட முறை எளிமையானது. நோக்குகாலத்தின் முற்பாதியில் தொடங்கிய அமர்வுகளை மட்டும் கணக்கிற் கொண்டனர். அவை ஒவ்வொன்றையும் குறைந்தது 30 மணிநேரமாவது பார்க்க இயலும். அதனை மிஞ்சியவற்றை ‘30 மணிக்கு மேல்’ என்ற அளவில் நிறுத்தினர். மருத்துவத்தில் நோயாளர் உயிர்வாழும் காலத்தைக் கணிக்க வழங்கும் கப்பிளான், மையர் என்போரின் 1958 ஆம் ஆண்டு முறையும் இவ்வாறு முடிவு தெரியாத தரவுகளைக் கழிக்காது பயன்படுத்த உதவுவதே. நோய்க்கும் நுற்றெல்லாவுக்கும் ஒரே கணிதம் பொருந்துதல் வியப்புக்குரியதன்று. இரண்டிலும் வினா ‘எப்போது முடியும்’ என்பதே.

மூன்றாவது பிழை, தட்டும் செய்தி வழியில் தொலைந்துபோதல். இதன் விளைவு பலர் எண்ணுவதினும் பெரிது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை தட்டுகின்றோம். நூற்றில் ஒரு செய்தி தொலைகின்றது எனக் கொள்வோம். 10 நிமிட அமர்வில் இரண்டு தட்டல். அது பிழையின்றிப் பதிவாகும் நிகழ்தகவு 98 சதவீதம். 10 மணிநேர அமர்விலோ 120 தட்டல்; ஒன்றேனும் தொலையாதிருக்கும் நிகழ்தகவு 0.99 இன் 120 ஆம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 30 சதவீதம். பத்து நீண்ட அமர்வுகளுள் ஏழு, நடுவே முறிந்து இரண்டு மூன்று குறுகிய அமர்வுகளாகத் தோன்றும். ஒரு சதவீதப் பிழை முடிவையே தலைகீழாக்கிவிடுகின்றது. தொடர்ந்து இருமுறை விடை வராவிடின் மட்டுமே போனதாகக் கொள்வது ஒரு பரிகாரம். அப்போது அந்நீண்ட அமர்வு பிழையாக முறியும் நிகழ்தகவு ஏறத்தாழ ஒரு சதவீதமாகக் குறையும். ஆனால் உண்மையிலேயே சில நிமிடம் போய்வந்தவரைத் தொடர்ந்து இருந்தவராகப் பதிவோம். ஒரு பிழையைக் குறைக்க மற்றொன்றை ஏற்கின்றோம். எதனை ஏற்றோம் என்பதை ஆய்வாளர் வெளிப்படையாகக் கூறுதல் கடன்.

நான்காவதும் பெரியதும் ஆள்மாறாட்டம். உறுப்பினரை இணைய முகவரி கொண்டு அடையாளங் காண்பதே தொடக்ககால வழக்கம். வீட்டு இணைப்புக்களிற் பெரும்பாலானவற்றுக்கு முகவரி நிலையானதன்று. இணைப்பு அறுந்து மீளும்போது வேறொன்று வழங்கப்படலாம். 2003 ஆம் ஆண்டிற் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தினரான பகவான், சவேஜ், வோல்க்கர் ஆகியோர் ஓவர்நெற் என்னும் வலையமைப்பை ஆராய்ந்தனர். அதில் ஒவ்வோர் உறுப்பினர்க்கும் முகவரியைச் சாராத தனி அடையாள எண் ஒன்று உண்டு. 2,400 உறுப்பினரை 20 நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப்பார்த்து, எண்ணையும் முகவரியையும் ஒப்பிட்டனர். ஏறத்தாழ 40 சதவீதத்தினர் ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகளைப் பயன்படுத்தியமை தெரியவந்தது. முகவரியை ஆளாகக் கொண்டு எண்ணினால், ஒரு கிழமையில் உறுப்பினர் தொகை ஏறக்குறைய நான்கு மடங்காகப் பெருகித் தோன்றும். அத்துடன் ஒவ்வொருவரும் அரிதாகவே வருபவராகத் தோன்றுவர். ஒரே மாணவன் நான்கு பெயரில் இடாப்பில் இருப்பின் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வரவு குறைந்திருப்பதில் வியப்பென்ன? சரியான அடையாளங் கொண்டு நோக்கியபோது ஓர் உறுப்பினர் நாளொன்றுக்குச் சராசரி 6.4 முறை வந்துபோவதும், நாள்தோறும் 20 சதவீதத்துக்கு மேற்பட்டோர் புதிதாகச் சேர்ந்தும் அறவே விலகியும் வருவதும் புலனாயின. முன்னையது வரவுபோக்கின் நாளாந்த அலை. பின்னையது உண்மையான இழப்பு.

அடையாள எண் கிடைத்ததும் இடர் தீர்ந்தது என்று கருதியோர்க்குப் பிரான்சு நாட்டின் யூறெகொம் நிறுவனத்தார் சில ஆண்டுகளின்பின் மறுப்புக் கூறினர். காட் என்னும் வலையமைப்பின் ஒரு பகுதியை 5 நிமிடத்துக்கு ஒருமுறையாக ஏறத்தாழ ஆறு மாதம் துருவிய அவர்கள், அடையாள எண்ணையே அடிக்கடி மாற்றிக்கொள்ளும் உறுப்பினர் பலர் உளர் எனக் கண்டனர். முகவரியும் நில்லாது, எண்ணும் நில்லாதெனின், வாழ்நாள் என எதனைச் சொல்வது? இவ்விடத்தில் என் கருத்து, அமர்வுக்காலத்தை நம்பலாம், வாழ்நாளைப் பற்றி வெளிவரும் எண்களை மேல்வரம்பாகவோ கீழ்வரம்பாகவோ மட்டும் கொள்ளலாம் என்பதே.

இப்பிழைகளை ஒருங்கே ஆராய்ந்து, மூன்று வெவ்வேறு வலையமைப்புக்களில் அளந்து ஒப்பிட்டவர் ஒறிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்ரட்ஸ்பாக், றெஜாயி என்போர். 2006 ஆம் ஆண்டு வெளிவந்த அவர்களது கட்டுரை இத்துறையில் இன்றும் முதற்கண் கற்கத்தக்கது. நுற்றெல்லா, காட், பிற்ரொறன்ற் என்பன அவர்கள் எடுத்துக்கொண்டவை. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்புடைய நுற்றெல்லாவைச் சில நிமிடங்களிலே துருவி முடிக்கும் நிரலை அவர்கள் இயற்றியிருந்தனர். துருவுதல் மெதுவாக நடப்பின், படம் பிடித்து முடியுமுன் படத்திலுள்ளோர் பாதி எழுந்து போய்விடுவர்; ஆதலின் விரைவே இங்கு செம்மைக்கு வழி.

அவர்கள் கண்ட முடிவை விளங்கிக்கொள்ளப் பரம்பல்களைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். கோட்பாட்டாளர் பெரிதும் விரும்புவது அடுக்குக்குறிப் பரம்பல். அதற்கு நினைவில்லாப் பண்பு உண்டு: ஒருவர் வந்து ஒரு நிமிடமாயினும் ஒரு நாளாயினும், இனி அவர் இருக்கக்கூடிய நேரத்தின் எதிர்பார்ப்பு ஒன்றே. கணக்கு எளிதாகும் என்பதே அதன் சிறப்பு. வேறு சிலர் அமர்வுக்காலம் பறேற்றோப் பரம்பலைப் பின்பற்றுவதாகவும், மிக நீண்ட அமர்வுகள் மிகப் பலவெனவும் கூறினர். ஒறிகன் ஆய்வு இரண்டையும் மறுத்தது. வைபுல் பரம்பலும் மடக்கைச் செவ்வன் பரம்பலும் இவற்றினும் நன்கு பொருந்தின. வருவோரிற் பெரும்பாலார் விரைவிற் போய்விடுகின்றனர். ஆனால் ஏதேனும் ஒரு நேரத்தில் இருப்போரிற் பெரும்பங்கினர் நெடுநேரமாக இருப்பவரே. மடத்து முதியவரையும் நாளுக்கொரு யாத்திரிகரையும் இங்கும் காண்கின்றோம். ஒருவரது சென்ற அமர்வின் நீளம் அடுத்த அமர்வின் நீளத்தை ஓரளவு முன்னறிவிக்கும் என்பதும் அவர்களது முடிவு.

இது வெறும் வளைகோடு பொருத்தும் வேலையன்று. 2002 ஆம் ஆண்டில் மேமுன்கோவ், மசியேர் ஆகிய இருவரும் கேடம்லியா என்னும் அமைப்புமுறையை வெளியிட்டனர். அதில் ஒவ்வோர் உறுப்பும் தான் அறிந்த பிறரின் முகவரிகளை, ஒவ்வொன்றும் 20 பெயர் வரை கொள்ளும் சிறு பட்டியல்களாக வைத்திருக்கும். பட்டியல் நிறைந்திருக்கையிற் புதியவர் ஒருவர் வந்தால், கேட்டு நெடுநேரமான பழையவரைத் தட்டிப்பார்க்கும். அவர் விடைதரின் அவரை வைத்துக்கொண்டு புதியவரை விட்டுவிடும். பழையவரைப் போற்றும் இவ்விதி, சறோயூ குழுவினர் திரட்டிய நுற்றெல்லாத் தரவில் ‘நெடுநேரம் இருந்தவர் இன்னும் ஒரு மணி இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி’ என்று கண்டதனால் எழுந்தது. அமர்வுக்காலம் உண்மையில் அடுக்குக்குறிப் பரம்பலாயின் இவ்விதியால் அத்தகைய பயன் ஒன்றும் இராது. பழையவரும் புதியவரும் ஒன்றே. ஆய்வுகூடத்தில் எண்ணியதொன்று இங்ஙனம் விதியாக மாறி, பிற்காலத்திற் பிற்ரொறன்ற், எதீரியம் முதலியவற்றின் முகவரி தேடும் ஏற்பாடுகளிலும் கலந்து, இன்று இயங்கி வருகின்றது.

தனியாட்களைப் பின்தொடராமலே சராசரித் தங்குநேரத்தை அறியும் வழியொன்றும் உண்டு. 1961 ஆம் ஆண்டில் லிற்றில் என்பார் நிறுவிய தேற்றத்தின்படி, நிலையான ஓர் அமைப்பில் இருப்போர் தொகை, வரவுவீதத்தைச் சராசரித் தங்குநேரத்தாற் பெருக்க வருவது. எப்போதும் 60,000 பேர் இருக்கும் வலையமைப்பில் நிமிடத்துக்கு 1,000 பேர் வருவாராயின், சராசரி 60 நிமிடம். பரம்பல் எதுவாயினும் இது பொருந்தும். வலையமைப்பு வளர்ந்தோ தேய்ந்தோ வருங்காலத்தில் மட்டும் இதனை நம்பலாகாது. நுணுக்கமான ஆய்வொன்றின் விடையை இவ்வெளிய பெருக்கலுடன் ஒத்துப்பார்ப்பது நன்று. இரண்டும் பெரிதும் முரண்படின் எங்கோ ஒரு மடம் ஒளிந்திருக்கின்றது என்க.

ஈண்டு ஒரு செய்தியைக் கூறாது விடல் முறையன்று. இவ்வளவீட்டுக்கு உட்பட்டோர் எவரிடத்தும் எவரும் அனுமதி கேட்டிலர். முகவரி ஒரு வீட்டைச் சுட்டுவது. எப்போது விழித்திருக்கின்றார், எப்போது இல்லை என்பதும் அதனுடன் பதிவாகின்றது. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் 2003 ஆம் ஆண்டு செப்தெம்பரில் 261 தனியாட்கள்மீது வழக்குத் தொடுத்தபோது, அவர்களைக் கண்டறியப் பயன்பட்டதும் வலையமைப்பில் வெளிப்படும் முகவரிகளைத் திரட்டும் வழியே. ஆய்வாளர் முகவரிகளை மறைத்தே தரவை வெளியிடல் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஆனால் முகவரியை மறைத்த தரவைக் கொண்டு ஆள்மாறாட்டப் பிழையைப் பிறரொருவர் மீளச் சோதித்தல் அரிது. இம்முரண்பாட்டுக்கு நிறைவான தீர்வு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தட்டினால் விடை தாராதவர் எல்லாரும் இல்லாதவர் அல்லர் என்பதும் வரவர முதன்மை பெறுகின்றது. வீட்டு வழிப்படுத்தியின் பின்னாலும், ஒரே பொது முகவரியைப் பலர் பகிரும் கையடக்கத் தொலைபேசி வலையமைப்பின் பின்னாலும் உள்ள கணினிகள் வெளியே அழைக்கும். வெளியிலிருந்து அழைத்தாற் பெரும்பாலும் எட்டா. 2022 ஆம் ஆண்டில் இந்நாட்டில் நீண்ட மின்வெட்டுக்கள் நிகழ்ந்த மாதங்களில், வெளிநாட்டிலிருந்து தட்டிய நிரல் ஒன்றுக்கு நம்மவர் யாவரும் கூட்டமாய் விலகியோராகவே தோன்றியிருப்பர். இக்குறையைப் போக்க, ஆய்வாளர் சிலர் தாமே உறுப்பினராய் வலையமைப்பிற் பல இடங்களில் அமர்ந்து, தம்மைத் தேடி வருவோரைக் குறித்துக்கொள்ளும் முறையை மேற்கொண்டனர். எட்டாதிருந்தோர் பலர் இம்முறையில் வெளிப்படுகின்றனர். ஆனால் அங்ஙனம் அமர்த்தப்பட்ட போலி உறுப்பினரும் வலையமைப்பின் உறுப்பினரே. வேறொருவர் அதே நேரத்தில் துருவிக்கொண்டிருப்பின், ஒருபோதும் விலகாத இவர்களையும் சேர்த்தே எண்ணிச் செல்வார்.